கப்பல் காத்திருக்காது

சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்தில் ஒரு மதியம். வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர் கொண்ட குடும்பம் நின்றது. பேச்சில் திருநெல்வேலி வாசம். பாட்டிக்குச் சக்கர நாற்காலி. பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி. கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, சிங்கப்பூர் விசாக் காகிதங்களைக் கேட்டு வாங்கினார். ஒருமுறை மட்டுமே நுழையக்கூடிய விசா. விமானத்தில் வந்து இறங்கியபோதே அந்த ஒரு நுழைவு தீர்ந்துபோயிருந்தது. கப்பல் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்விட்டு நான்கு நாள் கழித்து மறுபடி சிங்கப்பூருக்குத்தான் வரும். அப்போது உள்ளே நுழைய அவர்களிடம் அனுமதி இல்லை. அதனால் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய மகன் ஊரில் இருக்கும் டிராவல் ஏஜென்ட்டுக்கு மீண்டும் மீண்டும் போன் போட்டார். எடுக்கவில்லை. "அப்ப நாம கப்பல்ல போகலையாப்பா?" என்று சின்னவள் கேட்டாள். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அன்று மாலை கப்பல் கிளம்பியபோது அவர்கள் ஆறு பேரும் அதில் இல்லை. சில லட்சம் ரூபாய் போனது ஒருபுறம். அந்தப் பாட்டி இனி ஒரு கப்பலைப் பார்ப்பாரா என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

தமிழர்களுக்குக் கப்பல் புதிதல்ல. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்தபடி பிழைப்புக்குப் போனவர்கள் நம் தாத்தாக்கள். இன்று அதே துறைமுகங்களுக்கு அவர்களுடைய பேரர்கள் விடுமுறைக்குப் போகிறார்கள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டிலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கியது. கல்யாண நாள், ஓய்வூதியப் பணம், பிள்ளைகளின் கோடை விடுமுறை என்று குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். இது நல்ல விஷயம். ஆனால் 'மிதக்கும் ஐந்து நட்சத்திர ஓட்டல்' என்று சொல்லி விற்கிறார்களே, அதில்தான் எனக்குக் கடும் ஆட்சேபம். ஓட்டலில் மாத்திரை தீர்ந்தால் எதிர்க்கடையில் வாங்கலாம். பிடிக்காவிட்டால் ஆட்டோ பிடித்து வேறு ஓட்டலுக்குப் போகலாம். கப்பல் கரையை விட்டு நகர்ந்தபின் வாங்கவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை. வேண்டிய ஏற்பாடு அத்தனையும் கரையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் காகிதங்கள். பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். கப்பல் எந்த நாட்டில் கிளம்பி எந்த நாட்டில் முடிகிறதோ, அந்த நாட்டுக்கு இரண்டாம் முறை நுழையவும் விசா இடம் கொடுக்கிறதா என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். ஏஜென்ட் பார்த்திருப்பார் என்று விட்டுவிட வேண்டாம். சிங்கப்பூருக்குள் நுழையும் முன் மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை ஒன்று உண்டு. அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் போலியானவை. மலேசியா 2024 ஜனவரியிலிருந்தும் தாய்லாந்து 2025 மே மாதத்திலிருந்தும் இதுபோன்ற மின்னணு அட்டையைக் கேட்கின்றன. கப்பலில் வந்து சில மணி நேரம் மட்டும் இறங்குபவர்களுக்கு விதி வேறாக இருக்கலாம், அடிக்கடி மாறவும் செய்யும். ஆகவே கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சில கப்பல்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நகல் ஒன்று கையிலும் படம் ஒன்று போனிலும் இருக்கட்டும்.

அடுத்து நேரம். கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் விமானத்தில் போய் இறங்கி, மதியம் கப்பல் ஏறும் திட்டத்தை யார் போட்டுக்கொடுத்தாலும் ஏற்காதீர்கள். சென்னையில் மழையால் விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் பயணமே போச்சு. ஒரு நாள் முன்னதாகப் போய்விடுவதற்கு ஆகும் ஓட்டல் செலவு, முழுப் பயணத்தையும் இழப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. ஒன்று மரினா பே, இன்னொன்று செந்தோசாத் தீவுக்கு எதிரே ஹார்பர்ஃபிரண்ட். டாக்ஸிக்காரரிடம் 'குரூஸ் சென்டர்' என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே கொண்டுபோய் விடுவார் என்று சொல்ல முடியாது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றப் போகும்போதும் இதே கவனம் வேண்டும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் கப்பல் நிற்கும். நாமாகக் கார் பிடித்துப் போய்த் தாமதமானால் நிற்காது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியாகச் சுற்றப் போன எட்டுப் பயணிகள் தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் கண்ணெதிரே நங்கூரமிட்டு நின்றும் அவர்களை ஏற்றவில்லை. அவர்கள் நாடு நாடாக விமானத்திலும் சாலையிலும் துரத்திப் போய்ப் பல நாள் கழித்து செனகலில்தான் கப்பலைப் பிடித்தார்கள். நம்மவர்கள் போகும் பாதையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கினால், போனில் நான்கு மணி என்று காட்டும்போது கப்பலில் ஐந்து. ஆகவே கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கட்டி, அதைக் கப்பல் நேரத்தில் வைத்திருங்கள். ஒவ்வொரு இரவும் அறைக்கு வரும் அறிக்கையில், திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரம் அச்சாகியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

சொன்ன ஊருக்கெல்லாம் கப்பல் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. புக்கெட்டின் பத்தோங் கடற்கரையில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றில் அலை அதிகமானால் கேப்டன் அந்த நிறுத்தத்தையே விட்டுவிடலாம். ஒப்பந்தம் அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் படகில் இறக்குவது பல நேரம் நடக்காது. அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால், எந்தெந்த ஊரில் கப்பல் நேராகத் துறைமுகத்தில் கட்டப்படும், எங்கே படகு என்பதை முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். வங்கக் கடலில் போவதானால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் காலத்தைத் தவிர்ப்பதே நல்லது.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் உங்களோடு மேலே வராது. ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு அவை ஏற்றப்பட்டு அறை வாசலுக்கு வந்துசேர மாலையோ இரவோ ஆகும். என் அம்மாவின் இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டு, அது வரும்வரை நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மதியச் சாப்பாடு எதிரே இருந்தது. ஊசி எங்கோ கீழ்த்தளத்தில் இருந்தது. இன்சுலின், பிரஷர் மாத்திரை, இதய மாத்திரை, மூக்குக் கண்ணாடி, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி ஆகியவை தோளில் மாட்டும் பையில்தான் இருக்க வேண்டும். கடைசி இரவும் இதே கதை நடக்கும். பெட்டிகளை இரவே வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் உடுத்த வேண்டியதையும் போட வேண்டிய மாத்திரையையும் வெளியே எடுத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.

பயண நாட்களோடு இன்னும் நான்கைந்து நாளுக்கான மருந்து சேர்த்துக் கொண்டுபோங்கள். அதோடு மருந்தின் பெயர் தெளிவாக எழுதிய டாக்டர் சீட்டும் இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன் அனுமதி தேவைப்படலாம். மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் அங்கே சட்டவிரோதம். வெற்றிலைப் பெட்டியோடு பயணம் போகும் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் அதிகாரி முன்னால் அவர்கள் கூனிக் குறுகி நிற்க வேண்டாம்.

கப்பலில் டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, முதலுதவிக்கான கருவிகளும் உண்டு. ஆனால் அது ஒரு சின்ன கிளினிக். அங்கே அறுவைச் சிகிச்சை நடக்காது. மாரடைப்பு என்றால் முதலுதவி செய்து அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அல்லது ஹெலிகாப்டர் வரவழைப்பார்கள். கட்டணம் டாலரிலோ சிங்கப்பூர் வெள்ளியிலோ உங்கள் அறைக் கணக்கில் ஏறும். ஊரில் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு இங்கே உதவும் என்று நம்பிவிடாதீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கப்பல் பயணம் இதில் அடங்குமா? கடலிலிருந்து அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அடங்குமா? ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்கு இது செல்லுமா? நோயை மறைத்து எடுக்கும் பாலிசி, பணம் கேட்கும் நாளில் வெறும் காகிதம். கர்ப்பிணிகள் 24 வாரத்தை எட்டிவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகளுக்கும் அப்படியே.

வாந்தி, தலைச்சுற்றலைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் பயப்படுகிறார்கள். மலாக்கா நீரிணையில் போகும் பெரிய கப்பலில் ஆட்டமே தெரியாத நாட்கள்தான் அதிகம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது, அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'நகரவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. அப்போது மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. விலையும் பெரும்பாலும் குறைவு. மாத்திரை போடுவதானால் குமட்டல் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் அது வயிற்றில் தங்காது. அவோமின் போன்றவை தூக்கத்தைக் கொடுக்கும், முதியவர்களுக்குத் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். ஆகவே அவரவர் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நோரோவைரஸ் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலில் ஒருவருக்கு வந்தால் நூறு பேருக்குப் பரவும். கதவுப் பிடி, படிக்கட்டுக் கைப்பிடி, பஃபே கரண்டி எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். வாசலில் பிழிந்து கொடுக்கிறார்களே சானிட்டைசர், அதற்கு இந்தக் கிருமி சரியாக அடங்காது. சோப்புப் போட்டு இருபது விநாடி ஓடும் தண்ணீரில் கை கழுவுவதுதான் மருந்து. கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு இது மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முக்கியம். வயிறு கெட்டால் மறைக்காமல் கப்பல் டாக்டரிடம் சொல்லுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள். விடுமுறை போய்விடுகிறதே என்று அதை மறைப்பவர், பக்கத்து மேசைக் குழந்தைக்கு நோயைக் கொடுக்கிறார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'எல்லாம் சேர்த்து' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். துறைமுகக் கட்டணம், ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறும் சேவைக் கட்டணம், குளிர்பானம், இணையம், சிறப்பு உணவகங்கள் எல்லாம் பெரும்பாலும் தனி. கப்பலுக்குள் ரூபாய் நோட்டு செல்லாது. அறைச் சாவி அட்டையே பர்ஸ். ஏறும்போது டெபிட் கார்டைக் கொடுத்தால் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அது விடுபடப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டு மேல். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020-க்குப் பின் வழங்கப்படும் கார்டுகள் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் தாமாகத் திறந்திருக்காது. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். கப்பல் நகரத் தொடங்கியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். ஊர் திரும்பியதும் வரும் பில் அதிரவைக்கும். கடைசி நாளுக்கு முந்தைய நாளே கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இறங்கும் காலையில் அந்த வரிசையில் நிற்க முடியாது.

சாப்பாட்டில் சைவம், ஜைனம், வெங்காயம் பூண்டு இல்லாதது என்று எதுவானாலும் முன்பதிவிலேயே எழுதிக் கொடுங்கள். ஆசியாவில் ஓடும் கப்பல்கள் பலவற்றில் இந்தியச் சமையல் இருக்கிறது, பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வீட்டில் கட்டிய புளியோதரையை ஏற்ற விடமாட்டார்கள். பஃபேயில் எடுத்த பழத்தைக் கரைக்குக் கொண்டுபோகவும் கூடாது. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் பல கப்பல்களில் இருக்காது. மடித்து வைக்கும் பிளாஸ்டிக் குவளை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதை எந்த ஏஜென்ட்டும் சொல்வதில்லை. அந்தக் கழிப்பறைகள் காற்றால் உறிஞ்சப்படுபவை. துணியோ டயப்பரோ போட்டால் அந்தப் பகுதியில் உள்ள எல்லா அறைகளுக்கும் அடைத்துக்கொள்ளும்.

குழந்தைகளை நினைத்தால் மனம் பதறுகிறது. எல்லாக் கப்பல்களிலும் நீச்சல் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பதில்லை. 2019 ஜூலையில் போர்ட்டோ ரிகோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் நின்ற ஒரு பெரிய கப்பலில், பதினோராம் தளத்துச் சன்னல் வழியே 18 மாதக் குழந்தை ஒன்று விழுந்து இறந்தது. தூக்கி வைத்திருந்தவர் அதன் தாத்தா. அன்பால் தூக்கிய கைதான். பால்கனிக் கம்பிக்கு அருகில் நாற்காலியைப் போடாதீர்கள், பிள்ளையைக் கம்பிமேல் உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள், பால்கனிக் கதவைத் தாழிடாமல் தூங்காதீர்கள்.

கடலில் ஒரு கப்பலுக்கு நேரக்கூடிய மிகக் கொடிய விபத்துகளில் ஒன்று தீ. ரஜூலாவுக்குப் பின் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அந்தக் கப்பலின் கதையும் அதோடு முடிந்தது. 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனி ஒன்றில் பிடித்த தீ, நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளைச் சேதப்படுத்தி ஒருவரின் உயிரைக் குடித்தது. அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கும் என்று விசாரணையில் தெரியவந்தது. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர், ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றை ஏறும்போதே பறிமுதல் செய்வது இதனால்தான். ஊதுபத்தியும் சூடமும் அகல் விளக்கும் இதில் அடக்கம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்க முடியாது என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அந்த நான்கு நாள் மட்டும் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஈரத் துணியைப் பால்கனியில் காயப்போடுவதும் கூடாது.

இனி, பலரும் ஏனோதானோவென்று விட்டுவிடும் அவசரகாலப் பயிற்சி. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியது. அப்போது கப்பலில் இருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர். இறந்தவர்கள் 32 பேர். அன்று மாலைதான் ஏறிய சில நூறு பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறியபின் 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. கேப்டன் கப்பலைக் கைவிடச் சொல்ல ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார். அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டது. எந்தப் படகு, எந்தத் தளம், எந்தப் படி என்று தெரியாத மக்கள் இருட்டில் முட்டி மோதினார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்பே, அல்லது கிளம்பிய உடனே பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. 2015 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இப்போது பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியிலோ போனிலோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். பாதிப் பேர் வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டிருக்கிறார்கள். அபாய ஒலி எப்படி இருக்கும் என்று பக்கத்து அறைக்காரர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழு முறை சிறிதாக ஊதி, எட்டாவது முறை நீளமாக ஊதும். அதைக் கேட்டதும் பெட்டியை எடுக்கக் கூடாது, லிஃப்டில் ஏறக் கூடாது. அட்டையில் எழுதியிருக்கும் கூடுமிடத்துக்குப் படி வழியாகப் போக வேண்டும்.

இங்கேதான் மொழி வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து போகும் முதியவர்களில் எத்தனை பேருக்கு அந்த வீடியோவின் ஆங்கிலம் முழுதாகப் புரியும்? சென்னைத் துறைமுகத்தில் புறப்படும் எந்தப் பயணிகள் கப்பலும் தமிழில் பயிற்சியும் தமிழில் அறிவிப்பும் தர வேண்டும் என்று துறைமுக நிர்வாகம் நிபந்தனை போட வேண்டும். டிராவல் ஏஜென்ட்டுகள் பணம் வாங்கும் முன்பே விசா, காப்பீடு, கூடுதல் கட்டணம், கொண்டுபோகக் கூடாத பொருட்கள் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாள் இருந்திருந்தால் திருநெல்வேலிக் குடும்பம் முனையத்தில் நின்றிருக்காது. சுற்றுலாத் துறை இதைக் கட்டாயமாக்க ஒரே ஒரு சுற்றறிக்கை போதும்.

அது வரும்வரை, கப்பல் ஏறிய அன்று முதல் வேலையாக உங்கள் அம்மாவையோ அப்பாவையோ கையைப் பிடித்து அந்தக் கூடுமிடத்துக்கு ஒருமுறை நடத்திக் கூட்டிப் போங்கள். லைஃப் ஜாக்கெட்டை எடுத்து, எந்தக் கொக்கி எதில் மாட்டும் என்று தமிழில் சொல்லிக் காட்டுங்கள். பஃபே இரவு பத்து மணி வரை திறந்திருக்கும்.